ஏரிக்கரை விடுதியில் ஓர் அறை

மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளி விட்டு வந்தால் மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த அவருக்கு அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் பஸ்ஸில் எங்காவது போய்வரலாம் என்று முடிவு செய்தார். குடும்பத்தில் யாரும் பார்த்திராத ஓர் ஏரிக்கரை ஊர். இருப்பதிலேயே மலிவான விடுதிக்கு வெள்ளிக்கிழமை மதியம் போன் செய்தார்.

பெயரைச் சொன்னதும், "அம்மா காலையிலேயே வந்துட்டாங்க சார். நீங்களும் பாப்பாவும் பின்னாடி வர்றதா சொன்னாங்க," என்றார் விடுதிக்காரர்.

"எந்த அம்மா?"

"இருங்க, குடுக்கிறேன்."

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு மனைவியின் குரல்.

"வராதீங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வராதீங்க." கெஞ்சினாள். அவர் வாய் திறப்பதற்குள் லைன் அறுந்தது.

அவர்கள் போகவில்லை. எடுத்துவைத்த துணிகளை மகள் அலமாரியில் திருப்பி அடுக்கினாள்.

சனிக்கிழமை மாலை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விடுதிக்காரர் அழைத்தார்.

"அம்மா இந்த நம்பருக்குச் சொல்லச் சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரரும் பாப்பாவும் பஸ்ஸுல பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்க. சார் பக்கத்துலதான் நிக்கிறாரு. பேசுறீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

"யாருப்பா?"

"ராங் நம்பர்மா," என்றார். பிறகு மெல்லக் கை நீட்டி, அவள் இருக்கிறாளா என்று பார்ப்பதுபோல் அவள் தலையைத் தொட்டார்.