மிஞ்சும் சாம்பார்

தோணிரேவு முதியோர் மதிய உணவு மையத்தில் தினமும் சோறு தீர்ந்துபோனது. சாம்பார் மட்டும் பாதிக்கு மேல் மிஞ்சியது.

பொறுப்பாளர் வைஷ்ணவிக்குக் காரணம் புரிந்துவிட்டது. தினம் யாராவது ஒரு பெரியவர் பெரிய தூக்குவாளியோடு வருகிறார். சோற்றை அதில் அடைத்து வீட்டுக்குக் கடத்துகிறார்கள்! மேலிடத்துக்குத் தெரிந்தால் மையத்தையே மூடிவிடுவார்கள்.

அன்று பந்தி முடிந்ததும் வாசலை மறித்து நின்றாள். சிங்காரம் தூக்கும் கையுமாக வந்தார்.

"தாத்தா, மூடியைத் தொறங்க."

"இன்னாத்துக்கு?"

"தொறங்கன்னா தொறங்க!"

திறந்தார். ஒரு பருக்கை சோறு இல்லை. அடியில் சிவப்பாய்க் கொஞ்சம் குழம்பும் ஒரு மீன் முள்ளும் ஒட்டியிருந்தன.

"இது ஏது? இங்க மீனே ஆக்கறதில்லையே!"

"அதான் நாங்களே ஆக்கி எடுத்துக்கினு வர்றோம். ஏரிக்கரையில பொறந்தவனுக்குத் தெனம் முருங்கைக்கா சாம்பார் ஊத்துனா எப்டிம்மா எறங்கும்?"

"இருபது பேருக்கும் நீங்களேவா?"

"சேச்சே! ஏரில வலை போட யாருக்கு எந்த நாள்னு பாடு பிரிக்கிற மாதிரி, கொழம்புக்கும் சீட்டு குலுக்கிக்கினோம். இன்னிக்கு என் பாடு."

வைஷ்ணவி தலையில் கை வைத்தாள். "இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லத்தான் வந்தேன். நேத்து குலுக்குனதுல உன் பேரையும் போட்டுட்டோம்." தூக்குவாளியை அவள் கையில் திணித்தார் சிங்காரம். "நாளைக்கு உன் பாடு. மடவை மீனா பாத்து வாங்கு. காரம் கொறையக் கூடாது!"