ஃபேனில் சிக்கிய பஞ்சு

"ஏனுங்க, காலையில அனுப்புன மெயில் போயிருக்குமுங்களா?" மூன்றாவது முறையாகக் கேட்டாள் சித்ராதேவி.

பனியன் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்க வந்த அருண்பாண்டிக்கு அலுப்பாக இருந்தது. "எப்படிங்க போகும்? பிராசசர் நூறு சதவீதத்துலயே நிக்குது. மெயில் அவுட்பாக்ஸ்லதான் கெடக்கு."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு சிபியூவைத் திறந்தான். ஃபேன் முழுக்கத் துணிப் பஞ்சு.

"காத்து போக வழியில்லாமச் சூடாகி, திணறியிருக்கு." பஞ்சை வழித்துக் குப்பையில் போடப் போனான்.

அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் முழித்தான்.

"அந்த மெயில்ல இருபதாயிரம் பனியனுக்குக் கை அளவைத் தப்பா அடிச்சுட்டேனுங்க. போயிருந்தா அவிநாசி யூனிட்ல இந்நேரம் துணியை வெட்டித் தள்ளியிருப்பாங்க. ஆன் பண்றதுக்கு முன்னால நெட் ஒயரை மட்டும் கழட்டிருங்க."