அவள் அரைத்த மிளகாய்

மிளகாயைத் தொடுவதற்கு முன் கைகளில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டுமென்று என் கணவர் சொன்னார்.

தடவிக்கொண்டேன்.

பினாங்கிலிருந்து அவர் திரும்பிப் பதினெட்டு நாட்களே ஆகியிருந்தன. அங்கே ஏழு ஆண்டுகளாக நாவுக்குப் பழகிவிட்ட மிளகாய் சாஸ், வறுத்த மீனோடு இங்கும் வேண்டுமென்பது அவருடைய விருப்பம். மீஞ்சூர்ச் சந்தையில் இரண்டு சேர் பழமிளகாயும், பட்டணத்தில் சாஸுக்குப் புளிப்பேற்ற ஒரு புட்டி காடியும் தாமே வாங்கிவந்து, எங்கள் பழவேற்காட்டு வீட்டு முற்றத்தில் வைத்திருந்தார்.

அவர் எதையும் தொடவில்லை. நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

கழுவிய பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டுமாம். முன்பே கிள்ளினால் உள்ளே நீர் இறங்கிச் சாஸ் கெட்டுவிடுமாம். பூண்டு பாதி வெந்தால் போதுமாம். காடி ஊற்றும்போது ஆவி மூக்கில் ஏறும். முந்தானையால் மூடிக்கொள்ள வேண்டுமாம்.

யாருடைய முந்தானையைப் பார்த்துப் பழகிய பேச்சு இது?

அவர் உப்புச் சாடியை எடுக்க உள்ளே சென்றதும், பக்கத்துவீட்டுப் பீவி ஜான் மதில்மேல் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாடி மெஹரு, ஜவுளிக் கடக்காரரு இம்மாஞ் சமையல் பேசறாரு? எவ அடுப்பாண்ட குந்திக்கினு கத்துக்கினாராம்?”

நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

பினாங்கில் அவருக்குச் சொந்தமாக ஜவுளிக் கடை. மாதந்தோறும் வந்த கடிதங்களில் கடையைப் பற்றியும் அங்கே வந்திறங்கும் புதுத் துணிகளைப் பற்றியும் எழுதுவார். யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. அங்கே இரண்டாவது நிக்காஹ் முடித்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருவர் உண்டு.

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். கேட்டால் உண்டு என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சியே பதினெட்டு நாட்களாக வாயைத் திறக்கவில்லை.

அம்மியில் அரைக்கத் தொடங்கினேன். அவள் எதில் அரைத்திருப்பாள்? என்னைவிட மையாக அரைத்திருப்பாளோ? கண் எரிந்தால் இவர் ஊதிவிட்டிருப்பாரோ? ஒரு மிளகாயையும் நான் மென்மையாக நசுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இவர் சாடியோடு வந்து நின்றார்.

“உப்பு எவ்ளோங்க போடணும்?” என்று கேட்டேன்.

“மூட்டைக்கு மூணு படி.”

சட்டென்று வந்துவிட்டது அந்த விடை. பிறகு அவர் அம்மியிலிருந்த விழுதைப் பார்த்தார். விரல்விட்டு ஏதோ எண்ணினார், பாதியில் நிறுத்தினார்.

“இத்தினியூண்டுக்கு எவ்ளோன்னு தெரியலியே...”

ஒரு கணவனுக்காக எந்தப் பெண்ணும் மூட்டை மிளகாய் அரைக்க மாட்டாள். ஜவுளிக் கடை முதலாளியும் அரைக்க மாட்டார். யாருடைய சாப்பாட்டுக் கடையிலோ, எத்தனை நூறு பேருக்கோ, ஏழு ஆண்டுகளாக அரைத்துக் கொட்டியவர் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

தம் வாயிலிருந்து எது நழுவிவிட்டது என்பது அவருக்கும் அப்போது விளங்கியிருக்க வேண்டும். சாடியைக் கீழே வைக்கவும் தோன்றாமல், என் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நின்றார். ஊருக்கெல்லாம் முதலாளியாகத் திரும்பிய மனிதர்.

அதுவரை கேட்கத் துணியாததை, அப்படி ஒருத்தி இல்லை என்று தெரிந்த பிறகு, அவர் தலைகுனியாமல் இருக்கவே கேட்டேன்.

“மூட்டைக் கணக்கு நமக்கு எதுக்குங்க? அங்க உங்களுக்கு ஆக்கிப் போட்டாளே ஒருத்தி, அவ எவ்ளோ போடுவா?”

அவர் நிமிர்ந்தார். சாடியை என் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டு பிடி,” என்றார் மெல்ல. “அவளுக்குக் கை சின்னது.”