பதிவு செய்த அரையிறுதி

சன்னல் வழியே மாலை வெயில் டிவியில் விழ, செம்மண் டென்னிஸ் மைதானம் இன்னும் சிவந்து தெரிகிறது. காலையிலேயே நடந்து முடிந்த அரையிறுதி. அக்காவின் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடியும்வரை முடிவைத் தெரிந்துகொள்ளாமல், பதிவைச் சேர்ந்து பார்ப்பதாக அக்காவுக்கும் தம்பிக்கும் ஒப்பந்தம். தகுதிச் சுற்றிலிருந்து ஒன்பது நாளாக அவர்கள் உயிரை வைத்திருக்கும் இடதுகைப் பெண், கடைசி செட்டில் ஐந்துக்கு ஐந்து என்று சமனில் நிற்கிறாள். அவள் அடித்த பந்து கோட்டருகே விழுகிறது. நடுவரம்மா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, மண்ணில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்க்கிறார். வழக்கமாக இந்த நேரத்தில் தம்பி சோபாமேல் ஏறி நின்று, "உள்ளதான்! கண்ணாடி போடும்மா!" என்று நடுவருக்குக் கண் வைத்தியம் பார்ப்பான். இன்று கால்மேல் கால் போட்டு ஆரஞ்சு உரிக்கிறான். தோல் அறுபடாமல், முற்றும் துறந்த நிதானத்தில், ஒரே சுருளாக வருகிறது. சீருடைகூட மாற்றாத அக்கா திரையை விட்டு அந்தச் சுருளையே பார்க்கிறாள்.

"டீ போடட்டுமாடா? ஆறுக்கு ஆறாகி டைபிரேக் போகும்போல."

"உக்காருக்கா, அதெல்லாம் போகாது."

சுளை அவன் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

"எப்படா பாத்த?"

"ஸ்கோர் மட்டும்தான்க்கா. சத்தியமா ஆட்டத்தைப் பாக்கல."

"நம்ம பொண்ணு?"

அவன் சுளையிலிருந்து விதை எடுப்பதில் மும்முரமாகிறான். திரையில் அந்த இடதுகைப் பெண் நெற்றியைத் துடைத்துவிட்டு, முழங்காலை மடக்கி அடுத்த பந்துக்குத் தயாராகிறாள். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் இன்னும் நம்பிக்கை இருக்கிறது.