அறுபத்து நாலாவது நோய்

“பாத்தீங்களா தம்பி? என்னாதான் சொல்லுது?”

அண்ணி ராஜாம்பாள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

மதிவாணன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்னறையில் அண்ணன் கோவிந்தராசு மூச்சை இழுப்பது இங்கே கேட்டது. ஒவ்வோர் இழுப்புக்கும் இவன் விரல் நின்று நின்று போயிற்று.

செராமிக் கம்பெனி அரவையில் இருபத்திரண்டு வருஷம் கல்மாவு தின்ற நுரையீரல். எல்லா டாக்டரும் டி.பி. என்றே எழுதினார்கள். பாண்டிச்சேரி டாக்டர்தான் உள்ளதை எழுதினார்: சிலிக்கோசிஸ்.

உள்ளதை எழுதியதுதான் வினையாயிற்று. ‘இந்த நோய் எங்கள் பட்டியலில் இல்லை’ என்று இன்சூரன்ஸ் மூன்று முறை திருப்பிவிட்டது. அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் ஆஸ்பத்திரியில் கட்டில்.

அந்த இன்சூரன்ஸ்காரர்களின் பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் நிரலைப் பார்த்துக்கொள்வதுதான் மதிவாணனுக்குப் பிழைப்பு.

“பாலிசியில இருக்குது அண்ணி. மெஷினுக்குள்ளதான் உட்டுப்போச்சு. மேக்ரோன்னு ஒரு குட்டி நிரலு, அதுதான் நோயச் சரிபாக்கும். அதுக்கு அடைப்புக்குறிக்குள்ள பட்டியல் குடுக்கணும். இருநூத்தம்பத்தஞ்சு எழுத்துக்கு மேல வாங்காது. அறுபத்து மூணு நோய்க்குத்தான் எடம். இது அறுபத்து நாலாவது.”

“அதுக்கு?”

“அதுக்கு... உட்டுட்டாங்க.”

ராஜாம்பாள் அதே கம்பெனியில் பீங்கான் கோப்பைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கியவள்.

“ஒரு பொட்டியில அடங்கலன்னா இன்னொரு பொட்டி எடுப்போம். மீந்ததக் கொண்டுபோயி மணிமுத்தாத்துலயா கொட்டுவோம்?”

அவ்வளவுதான் வேலை. பட்டியலை இரண்டாக உடைத்து, மீந்ததை இன்னோர் அடைப்புக்குள் கொடுத்து, இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். நாலு வரி. அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அடித்துவிட்டான். சோதனைக்கு அண்ணனின் எண்ணையே போட்டான்.

ஏற்கப்பட்டது என்று வந்தது.

“எந்தப் படுபாவி தம்பி அவன்? நாலு வரி எழுதக் கை கூசிச்சா? அவன் வூட்டுல யாருக்கும் மூச்சு முட்டாதா?”

“யாரோ அண்ணி. ஒம்போது வருஷம் ஆச்சு.”

“வெளங்கமாட்டான். நீங்க நல்லா இருப்பீங்க. தம்பி வந்தாத்தான் தேர்வடத்தத் தொடுவேன்னு மாசிக்கு மாசி நிப்பாரே உங்க அண்ணன், சும்மாவா நின்னாரு?” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “எப்ப பதிலு வரும்?”

“மாத்துனத வாரத்துக்கு ஒருக்காதான் ஏத்துவாங்க. திங்கக்கெழம.”

இன்று வியாழன்.

அவள் முன்னறைக்கு ஓடினாள். “இந்தாங்க, கேட்டீங்களா? தம்பி கண்டுபுடிச்சிடிச்சு!”

பதிலாக ஓர் இழுப்பு. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று.

அந்த மேக்ரோவின் தலையில் ஒரு குறிப்பு வரி இருந்தது. மெஷின் அதைப் படிக்காது. பின்னால் வருகிறவனுக்காக எழுதி வைப்பது. ராஜாம்பாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தும், அவள் நிற்கும்வரை அந்த வரியைத் திரைக்கு மேலே தள்ளியே வைத்திருந்தான்.

இப்போது கீழே இறக்கினான்.

‘இந்த நோய்க்கு இதுவரை ஒரு விண்ணப்பமும் வந்ததில்லை. ஊரில் நாளைக்குத் தேர், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை சேர்க்கிறேன். – மதிவாணன்.’