கரையில் ஒரு ஆள்

சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதன் நீலத்தில் மாலை வெயில். ஓரம் சுருளாமல் டார்ச்சும் விசிலும் வைத்திருக்கிறார்கள். நாளை ஜெட் ஸ்கி என்ற கடல் பைக்கில் தீவுக்குப் போய், ராத்தங்கித் திரும்பவேண்டும். புது லைஃப் ஜாக்கெட்டைப் போட்டபடியே கணவர் நிற்கிறார். "எல்லாம் சரிங்க. சொன்ன நேரத்துக்கு நாம திரும்பலேன்னா, தேடி வர கரையில ஒரு ஆள் வேணாமா?" என்கிறாள் மனைவி. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போன அவர் விரல் தம்பி பெயரில் நிற்கிறது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அழுத்துகிறார். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான். "அண்ணா, என்னாச்சு? எங்க இருக்க? கிளம்பி வரட்டுமா?" அவர் ஜாக்கெட் கொக்கியை மாட்டுகிறார், கழற்றுகிறார், மாட்டுகிறார். அந்தச் சத்தத்தைத் தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.