ஐம்பதாம் ஆண்டுச் சிரிப்பு

கார்ட்டூன் படக் கம்பெனி ஒன்றின் சுவரில், பூஞ்சிட்டு என்ற அணிலும் கருவாயன் என்ற காக்கையும் ஒரே தாளில் வரைந்த படமாக ஒட்டி உட்கார்ந்திருந்தன. அவை நடித்த படம் வந்து ஐம்பது வருஷம் ஆனதால், கூடமெல்லாம் தோரணம் கட்டினார்கள்.

"நமக்குத்தான்டி விழா!" என்று காக்கை பூரித்துப்போனது.

அப்போது மேனேஜர் வந்து, தோரணம் கட்டியவர்களிடம் ஒரு கத்தரிக்கோலை நீட்டினார். "ஜனங்களுக்கு அணிலைத்தான் ஞாபகம் இருக்கு. காக்கையை வெட்டிடுங்க."

"ஐயோ, அவனைப் பார்த்துத்தானே நான் சிரிக்கிறேன்!" என்று அணில் கதறியது. படத்தின் குரல் யார் காதில் விழும்? காக்கை சுருண்டு குப்பைக்கூடையில் விழுந்தது.

அணிலுக்குப் புது ஃபிரேம் போட்டு மாலை சூட்டினார்கள். அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வரைந்தவர் அதற்குச் சிரிக்கிற வாயை மட்டும்தான் கொடுத்திருந்தார்.

"இந்த வயசிலும் என்ன சந்தோஷம் பாருங்க!" என்று கூட்டம் கைதட்டியது.